பூசணிக்கொடி பேசிய பேரம்

செடிகொடிகளுக்கு வாயும் இருந்தது, வாய்த்துடுக்கும் இருந்தது, அப்படியொரு காலம். கேளுங்கள்.

ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் காத்தாயி என்ற பூசணிக்கொடி. அந்தப் பக்கம் ஒரு சுரைக்கொடி. ஆளுக்கொரு பிஞ்சு. காத்தாயிக்கு ஒரே கவலை: பனிக்காலம் முடிவதற்குள் பிஞ்சு முற்ற வேண்டும். முற்றாவிட்டால் விதை இல்லை, வம்சமும் இல்லை.

ஒருநாள் காற்றில் ஏறி வந்தான் சாம்பல்நோய்த் தளபதி. முரசென்ன, கொம்பென்ன, வெள்ளைப்பொடி பூசிய படையென்ன!

முதலில் சுரைக்கொடியின் இலையில் படையை இறக்கினான். "என்மேலேயா கை வைக்கிறாய்?" என்று அவள் அந்த இலையையே கருகவிட்டு உதறினாள். இலையோடு படையும் மண்ணில் விழுந்து செத்தது. "வெற்றி!" அடுத்த காற்றில் அடுத்த படை. அடுத்த இலைகளை உதறினாள். "வெற்றி!" மூன்றாம் படை வந்தது. மிச்சத்தையும் உதறினாள். "வெற்றி!" இலை இல்லாத தண்டில் பிஞ்சு வெம்பி விழுந்தது.

தளபதி புதுப் படையோடு வேலி தாண்டினான். "அடியே பூசணி, போருக்கு வா!"

"கத்தாதே தம்பி, பிஞ்சு தூங்குது. உனக்கு எத்தனை இலை வேணும்?"

இப்படி யாரும் அவனைக் கேட்டதே இல்லை. "எல்லாம்!" என்றான்.

"மூஞ்சியைப் பாரு! அடியில் கிடக்கிற கிழட்டு இலை ஒன்று."

"பாதிக் கொடி!"

"கிழட்டு இலை இரண்டு. இஷ்டமிருந்தால் உட்கார், இல்லையென்றால் நடையைக் கட்டு."

உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? மறுநாளே மூன்றாவது இலைக்கு ஏறிவிட்டான்.

"திருட்டுப்பயலே!" காத்தாயிக்கு உச்சிமுதல் வேர்வரை எரிந்தது. இலையை உதறத் துடித்தாள். வேலிக்கு அப்பால் மொட்டைத் தண்டு தெரிந்தது. கோபத்தை அப்படியே விழுங்கி, நுனியில் இரண்டு புது இலை விரித்தாள். அவன் கீழே ஒன்று தின்றால், இவள் மேலே இரண்டு விட்டாள். சாறு காய்க்கே போய்ச்சேர்ந்தது.

படைக்குத் தொப்பை விழுந்தது. இலை நரம்புகளில் கோவணம் காயப் போட்டார்கள். ஒரு கல்யாணம்கூட நடந்தது.

"ஒரு தடவையாவது சண்டை போடேன் அக்கா," தளபதி கெஞ்சினான். "எனக்கு மரியாதை போகுது."

"நேரமில்லை. காய்க்குச் சோறு போடணும்."

பனி முடிந்தது. காத்தாயியின் உடம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. காய் சற்றே சிறுத்திருந்தாலும் முற்றியிருந்தது. உள்ளே விதைகள் கொழுத்திருந்தன.

"தோற்றேன் என்றாவது சொல்லு!" என்றான் தளபதி.

"தோற்றேன். போதுமா?" என்று காயைத் திருப்பி வெயிலில் வைத்தாள்.

ஆகவே, எதிரியை ஒழிக்கத் தன்னையே அழித்துக்கொள்வதைவிட, இழக்கக்கூடியதை இழந்து காக்கவேண்டியதைக் காப்பதே அறிவு.