மார்க்கசகாயம் கண்ட கனவு

கணினி வராத அந்தக் காலத்தில் மதராஸ் தரகர்கள் ஒரு பெரிய கூடத்தில் கூடி, கையைத் தூக்கிக் கத்தித்தான் பங்குகளை வாங்குவார்கள், விற்பார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே டீ விற்றவள் ஆரோக்கியமேரி.

ஒருநாள் தரகர் மார்க்கசகாயம் எண்ணெய்க் கம்பெனிப் பங்குகளை அள்ளி அள்ளி வாங்கினார். மறுநாளே வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் குண்டு விழுந்தது, பங்கு விலை எகிறியது. மேரியின் தம்பி சவேரி அங்கேதான் மூட்டை தூக்கினான். அவனைப் பற்றித் தகவலே இல்லை.

குண்டு விழப்போவது முன்கூட்டியே தெரிந்துதான் வாங்கினாரா என்று விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். "வாங்கறதுக்கு முந்தின ராத்திரி அம்மன் கனவுல வந்து சொன்னா," என்றார் மார்க்கசகாயம்.

டீ கொடுக்க வந்த மேரி, "பொய்," என்று முணுமுணுத்துவிட்டாள்.

"என் கனவுக்குள்ள புகுந்து பார்த்தியா? நிரூபி! இல்லேன்னா இனிமே இங்க கால் வைக்கக் கூடாது!"

மேரி பணிவாகச் சொன்னாள்: "தப்புதாங்க ஐயா. ஆனா உங்க மாப்பிள்ளைக்கும் அந்தத் துறைமுகத்துலதானே வேலை? அம்மன் சொல்லியும் அவர அங்கயே விட்டுட்டீங்களே, பாவம்!"

மார்க்கசகாயத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "விடுவேனா? குண்டு விழறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தந்தி அடிச்சு வரவழைச்சுட்டேனே!"

அதிகாரி டீயைக் கீழே வைத்தார். "அம்மன் வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு யார் சொன்னது?"

மார்க்கசகாயத்தின் தரகுத் தொழில் அன்றோடு முடிந்தது.

அடுத்த மாதம் சவேரி கையில் கட்டோடு கப்பலில் வந்து இறங்கினான். பாதித் தரகர்கள் வியாபாரத்தைப் போட்டுவிட்டு மதராஸ் துறைமுகத்துக்குப் போய் மேரியோடு நின்றார்கள். அன்று சந்தை படுத்துவிட்டதாம். அந்தத் தரகர்களில் மிச்சமிருக்கும் கிழவர்கள் அதை இன்றும் பெரிய லாபம் போலச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.