துடைக்காத பானை

கேளுங்கள் மக்களே. அவசர வேலை இருக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது மெதுவாக வளர்கிற ஒரு செடியின் கதை. அதை அவசரப்படுத்த ஒரு ராஜாவாலேயே முடியவில்லை, என்னால் மட்டும் எப்படி முடியும்?

வெகு காலத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் வெண்தரை என்று ஒரு பட்டணம் இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் மாசிலாமணி. பெயருக்கு ஏற்ற மனிதர். வாசலில் ஒரு சருகு கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. காலையில் ஒரு தரம், உச்சிவேளையில் ஒரு தரம், விளக்கு வைக்கும் முன் ஒரு தரம் என்று பட்டணத்தை மூன்று தரம் பெருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் சுத்தம், போட்ட சோற்றையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டணத்துக்கு ஒரே ஒரு குறை, தண்ணீர். ஏரி இருந்தது. வருஷத்தில் பாதி நாள் ஏரியில் வெடிப்புதான் இருந்தது. மலைமேல் ஓர் ஓடை ஓடியது. அது ஒரு பாறையில் மோதி, மேற்கே திரும்பி, ஆளில்லாத பள்ளத்தாக்கில் போய் வீணாக விழுந்தது. அந்தப் பாறையின் பக்கத்தில் நாலு கல்லைப் புரட்டி வைத்தால் ஓடை கிழக்கே திரும்பி ஏரிக்கு வந்துவிடும். ஆனால் பாறை இருந்தது மலைக்குடிகளின் எல்லையில்.

ராஜா தூது அனுப்பினார். மலைக்குடித் தலைவர் ஆதன் தாமே இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு கூடை, கூடைக்குள் ஒரு செடி. இலை ஒவ்வொன்றும் பச்சைச் சீப்பு போல இருந்தது. அது தை மாதம்.

"இதுக்குப் பேரு பெரணி" என்றார் ஆதன். "பூக்காது, காய்க்காது. ஆனா பிள்ளை பெறும். மூணு வருஷம் கழிச்சு இதே தையில வருவேன். தாயும் பிள்ளையுமாக் காட்டுங்க. ஓடையைத் திருப்பி விடறோம். ஒரு செடியை வச்சுக் காப்பாத்தத் தெரிஞ்சவங்க கையிலதான் எங்க தண்ணியைக் கொடுப்போம்."

"இவ்வளவுதானா?" என்றார் ராஜா.

"இவ்வளவுதான். எப்படி வளர்க்கிறதுன்னு கேளுங்க, சொல்லிட்டுப் போறேன்."

ராஜா சிரித்தார். "என்கிட்ட நாப்பது தோட்டக்காரங்க இருக்காங்க. செடி வளர்க்க மலையிலேர்ந்து ஆள் வந்து சொல்லித் தரணுமா?"

ஆதன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் வருஷம் செடி தலைமைத் தோட்டக்காரர் கையில் இருந்தது. அவர் அதைச் செப்புத் தொட்டியில் நட்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று முற்றத்து வெயிலில் வைத்தார். இலை நுனி கருகியது. தாகம் போலிருக்கிறது என்று தண்ணீரை ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். வேர் அழுகியது. புதிதாக வந்த தளிர்கள் நாய்வால் மாதிரி சுருண்டு வந்தன. ராஜாவின் முற்றத்தில் கோணலாகவா நிற்பது என்று அவற்றை விரலால் நிமிர்த்திவிட்டார். நிமிர்த்திய தளிர் மறுநாளே கறுத்துப்போனது.

மலையிலிருந்து தேன் விற்க வருகிறவர்கள் அரண்மனை வாசலில் நின்று விசாரித்தார்கள். "பெரணி எப்படி இருக்குங்க? எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

வாசல் காவலன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "ராஜா யாரையும் கேக்க மாட்டார். எல்லாரும்தான் ராஜாவைக் கேப்பாங்க."

இரண்டாம் வருஷம் செடி அரண்மனை வைத்தியர் கைக்குப் போனது. அவர் அதை நிழலான ஓர் அறையில் வைத்தார். புத்தியினால் அல்ல, அவருக்கே வெயில் ஆகாது. செடி பிழைத்தது. ஆறு இலை விட்டது. ஒருநாள் அவர் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக, வரிசை வரிசையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"சொறி!" என்று கத்தினார் வைத்தியர். வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்தார். மறு வாரம் இன்னோர் இலையில் வந்தது. அதையும் துடைத்தார். மூன்றாவதிலும் வந்ததும் கத்தரியை எடுத்து ஆறு இலையையும் நறுக்கிவிட்டார். நோய் தீர்ந்தது என்று ராஜாவுக்குச் சொல்லி அனுப்பினார். தீர்ந்தது உண்மைதான். இலையும் அதோடு தீர்ந்தது.

தேன் விற்கிறவர்கள் மறுபடியும் வாசலில் நின்று கேட்டார்கள். காவலன் மறுபடியும் மீசையைத் தடவினான்.

ஆடி மாதத்தில் ராஜா வந்து பார்த்தபோது தொட்டியில் இருந்தது மயிர் முளைத்த ஒரு கட்டை. "இதுதான் செத்துப்போச்சே, இந்த அழுக்கை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? கொண்டுபோய்க் கொட்டுங்க" என்றார். பெருக்குகிறவர்கள் அதை ஊர்க்கோடித் தண்ணீர்ப்பந்தலுக்குப் பின்னால் குப்பையில் கொட்டினார்கள்.

அந்தத் தண்ணீர்ப்பந்தலில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தவள் பூவாயி. நாற்பது வயது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பந்தல் வேலைக்காக அரண்மனையிலிருந்து வரும் நெல்லில்தான் அவள் அடுப்பு எரிந்தது. அதற்காக விடியும் முன்னே எழுந்து, மூன்று கல் தொலைவிலிருந்து தலைச்சுமையாகத் தண்ணீர் கொண்டுவருவாள். ஏரியில் தண்ணீர் இல்லாத கஷ்டம் ராஜாவைவிட அவள் கழுத்துக்கு நன்றாகத் தெரியும்.

குப்பையில் கிடந்த கட்டையில் சின்னதாக ஒரு தளிர் சுருண்டிருந்ததை அவள் பார்த்தாள். "ஐயோ பாவம், உசிரு இருக்கே!" என்று எடுத்து வந்தாள். தேன் விற்கிறவர்கள் அப்போது பந்தலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, இது உங்க மலைச்செடிதானே? என்ன செஞ்சா பிழைக்கும்?"

அத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மலைக்காரர்கள் குடித்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"வெயில் ஆகாதும்மா. நிழல் வேணும், ஈரக்காத்து வேணும். வேர் நனையணும், ஊறக் கூடாது. தேங்கா நாருல பொதிஞ்சு உறியில தொங்கவிடுங்க. தளிர் சுருண்டுதான் வரும். தொடாதீங்க, அதுவே பிரிச்சுக்கும்."

"பூக்காதாமே, அப்புறம் பிள்ளை எப்படிப் பெறும்?"

"இலைக்கு அடியில பழுப்பாப் பொட்டு வைக்கும். அதுதான் அதுக்கு விதை. தூளா உதிரும். ஈரமான இடத்துல விழுந்தா முதல்ல பாசி மாதிரிப் பச்சையாப் படரும். அதைத் துடைச்சிடாதீங்க. அதுலேர்ந்துதான் பிள்ளை எழும்பும். நாளாகும்."

பூவாயியிடம் ஐந்து பானைகள் இருந்தன. நாலு பானையில் குடிதண்ணீர். ஐந்தாவது கீறல் விட்ட பானை, எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அதைப் பந்தலின் மூலையில் வைத்து, அதற்கு நேர் மேலே உறியில் பெரணியைத் தொங்கவிட்டாள். செம்பு கழுவிய தண்ணீரை அதன்மேல் தெளித்தாள். தளிரைத் தொடவில்லை. ஆடி போனது, ஐப்பசி போனது, சீப்பு சீப்பாக இலை வந்தது. மறு வருஷம் இலைக்கு அடியில் பழுப்புப் பொட்டு வந்தது. தூள் உதிர்ந்தது. கீறல் பானையின் ஈரத் தோள்மேல் மெல்லப் பச்சை படர்ந்தது.

அப்போதுதான் துப்புரவுக் கண்காணி வந்தார்.

அவர் கையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி இருக்கும். எதையும் அதால் துடைத்துப் பார்த்துத்தான் பேசுவார். நாலு பானையையும் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாவது பானையில் ஓர் ஓரத்தைத் துடைத்தார். துணி பச்சையானது.

"பாசி! தண்ணீர்ப்பந்தல்ல பாசி புடிச்ச பானை வச்சிருந்தா பந்தல் போயிடும்னு சட்டம் தெரியுமில்ல?"

"ஐயா, அது அழுக்கு இல்லீங்க. பெரணியோட பிள்ளைங்க. இன்னும் எழும்பல, அவ்வளவுதான். அதுங்க எழும்பினாத்தான் ஏரிக்குத் தண்ணி வரும்."

"வைத்தியருக்கே தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார் கண்காணி. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதோ பாரு பூவாயி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நாரை எடுத்து ஒரு தேய் தேய்ச்சிடு. நான் எதையும் பார்க்கலை. கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்காகக் கண்ணெதிர்ல இருக்கிற சோத்தை விடுவியா?" என்றார்.

சொன்னபடி திரும்பியும் நின்றுகொண்டார்.  பந்தல் போனால் நெல் போகும், நெல் போனால் அடுப்பு அணையும். பொய் சொல்வானேன், அவள் நாரைக் கையில் எடுத்துவிட்டாள். பானையருகே குனிந்தும்விட்டாள்.

பிறகு நாரைக் கீழே வைத்தாள்.

"என்னால முடியலைங்க ஐயா. ராஜாகிட்டயே சொல்லுங்க."

கண்காணி போய்ச் சொன்னார். பாசி என்ற சொல் காதில் விழுந்ததுமே ராஜா முகத்தைச் சுளித்தார். என்ன பாசி, எதற்காக வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பந்தல் போனது.

பூவாயி கீறல் பானையைத் தலையிலும் உறியைக் கையிலும் எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகும் வழியில் ஏரிக்கரையில் இருந்த பாழ்மண்டபத்துக்குப் போனாள். அன்று அவள் அழுதாள். மறுநாள் ஏரிக்குள் இறங்கி ஊற்றுத் தோண்டினாள். வழியில் வருகிறவர்களுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தாள். அவர்கள் கொடுத்த பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். சில நாள் அதுவும் இல்லை. பானையை மட்டும் காயவிடவில்லை.

மூன்றாவது தை வந்தது. அரண்மனையில் காட்டுவதற்குப் பெரணி இல்லை. கடைசியில் மந்திரி ஒரு வழி செய்தார். ஓர் ஈச்சங்கன்றைக் கொண்டுவந்து, அதன் ஓலையைச் சீப்பு மாதிரி நறுக்கி, சுற்றிலும் மூன்று குட்டிக் கன்றுகளை நட்டு வைத்தார். வருகிறவர் மலைக்காரர்தானே என்ற நினைப்பு.

ஆதன் வந்தார். செடியைப் பார்த்தார்.

"தாய் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றார் ராஜா.

"பிள்ளைங்க?"

"மூணு."

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் இல்லை."

ஆதன் பெருமூச்சு விட்டார். "ராஜா, ஈச்சங்கன்னு எங்க ஊர்லயும் இருக்கு. ஆடு கடிக்கும். உங்க பெரணியை நான் வர்ற வழியிலேயே பார்த்துட்டேன். ஏரிக்கரை மண்டபத்துல, தாயும் பதினேழு பிள்ளையுமா இருக்கு. காப்பாத்தினவங்க கையிலதான் தண்ணின்னு சொல்லியிருந்தேன். ஓடையை அந்த அம்மா கையில கொடுத்துட்டேன். கல்லை என்னைக்குப் புரட்டணும்னு அவங்களைக் கேட்டுக்குங்க."

 ராஜா எழுந்தார். பல்லக்கு வந்தது, வேண்டாம் என்றார். செருப்பு வந்தது, அதையும் வேண்டாம் என்றார். நடந்தே மண்டபத்துக்குப் போனார். பின்னால் கண்காணி, கையில் அதே வெள்ளைத் துணியுடன்.

மண்டபத்து நிழலில் பெரணி உறி நிறையத் தழைத்திருந்தது. கீழே கீறல் பானையின் தோளெல்லாம் பச்சை. அந்தப் பச்சைக்குள்ளிருந்து நகத்தளவு இலைகளுடன் பதினேழு குட்டிகள் எழும்பி நின்றன. ராஜா குனிந்து பார்த்தார். வைத்தியர் துடைத்ததும், கண்காணி தேய்க்கச் சொன்னதும், தாம் முகம் சுளித்ததும் இதைத்தான் என்று அவருக்குப் புரிந்தது. அவர் காதெல்லாம் சிவந்துபோனது.

கேட்டுப் பழகாத வாய்க்குக் கேள்வி வேப்பங்காய். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். மூன்றாம் தரம்தான் வார்த்தை வந்தது.

"அம்மா, இதை எப்படி வளர்க்கிறது?"

பூவாயிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. நறுக்கென்று நாலு வார்த்தை தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் வெயிலில் நடந்து வந்தவரின் உதடு காய்ந்திருந்தது.

"முதல்ல உக்காருங்க மகாராஜா, தண்ணி குடிங்க" என்றாள்.

அவர் குடித்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு கீறலை ஒட்டிக் கையை வைத்து, பானை விளிம்பில் ஓர் ஓட்டுத் துண்டை மெல்லப் பெயர்த்து எடுத்தாள். அதன்மேல் பாசியும் ஒரு குட்டிப் பெரணியும் இருந்தன. அதை ராஜாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. துடைக்காம எடுத்துட்டுப் போங்க. கல்லை நாளைக்கே புரட்டச் சொல்லிடறேன். ஊரு தாகத்துல கிடக்கு."

சேறும் பச்சையுமாகத் தண்ணீர் ராஜாவின் பட்டுச் சட்டையில் வழிந்தது. கண்காணி பழக்கதோஷத்தில் வெள்ளைத் துணியை நீட்டினார். ராஜா அதை ஒதுக்கிவிட்டார். தினமும் மூன்று தரம் பெருக்கிய அந்தத் தெரு வழியாக, சனங்கள் வாசலுக்கு வாசல் நின்று பார்க்க, கை நிறையப் பாசியோடு அரண்மனைக்கு நடந்தார்.

ஐந்தாம் நாள் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. பூவாயி பந்தலுக்குத் திரும்பினாள், கீறல் பானையோடுதான். வெண்தரையில் பெருக்குவதை ஒன்றும் நிறுத்திவிடவில்லை, அதனால் நீங்களும் வீட்டில் இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம். ஆனால் அன்று முதல் அங்கே ஒரு புதுச் சட்டம் வந்தது: துணியைக் கையில் எடுக்கும் முன், "இது என்ன?" என்று ஒரு தரம் கேட்க வேண்டும்.

ஆகவே மக்களே, தெரியாத ஒன்றை அழுக்கு என்று துடைத்தெறியும் முன், அது என்ன என்று தெரிந்தவரிடம் கேட்டறிவதே அறிவு.