எஃப்-5 மேல் ஒட்டிய பிளாஸ்திரி

ரத்த வங்கியில் தேவசகாயம்தான் சீடர். வயது ஐம்பத்திரண்டு. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மெஹருன்னிசா குரு. வயது இருபத்தெட்டு.

பகல் பதினொரு மணி. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் வேண்டும். பத்தாயிரத்தில் ஒருவருக்கே இருக்கும் வகை. கொடுக்கக்கூடியவர்களின் பட்டியல் ஒரு மெய்நிகர் கணினியில், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியில் இருந்தது. காலையில் தேவசகாயம் அதன் மைய நிரலான கெர்னலைப் புதுப்பித்தார். அதிலிருந்து பட்டியல் உள்ள டிஸ்க் திறக்கவில்லை.

"பழைய கெர்னலுக்கே திரும்பிடலாமே, அண்ணாச்சி?"

"அழிச்சிட்டேன் டீச்சர். புதுசு வந்தப்புறம் அது குப்பைதானேன்னு..."

"டிஸ்க்கைத் திறக்குற டிரைவர் புரோகிராம்?"

"அது பழசுக்குச் செஞ்சது. புதுசுக்கு ஏத்த மாதிரி மறுபடி பில்ட் பண்ணிப் பாத்தேன். ஆறு தடவை. ஏன் டீச்சர் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது?"

"அது என்ன சொல்லுச்சு?"

"பிழைன்னு சொல்லுச்சு."

"அப்புறம்?"

தேவசகாயம் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிழை என்ற சொல்லைக் கண்டதும் திரையைத் துடைத்துவிடுவார். அதற்கென்றே எஃப்-5 பொத்தானை அமைத்து வைத்திருந்தார்.

மெஹருன்னிசா ரத்தம் எடுக்கும் தட்டிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரி வெட்டினாள். அந்தப் பொத்தானின் மேல் ஒட்டினாள்.

"ஏழாவது தடவை செய்யுங்க."

திரை நிறைய வரிகள் ஓடி நின்றன. அவர் விரல் தானாகப் போய்ப் பிளாஸ்திரியில் முட்டியது.

"வாசிங்க. சத்தமா. கடைசி வரி வரைக்கும்."

வாசித்தார். கடைசி வரியில் குரல் மாறியது. "டிரைவரை உருவாக்கத் தேவையான, புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லை. நிறுவியபின் மீண்டும் முயலவும்... அட பாவி! இதையா காலையிலேருந்து சொல்லிட்டிருந்தே?"

கோப்புகளை நிறுவினார். டிரைவரைப் பில்ட் செய்தார். டிஸ்க் திறந்தது.

பட்டியலில் மூன்று பெயர்கள். போன் போட்டார்கள். முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது, கடையநல்லூரில் பள்ளி வேன் ஓட்டும் சுடலைமுத்து.

"சாப்பிட்டுட்டேன் சார், ரத்தம் குடுக்கலாம். கிளம்பிட்டேன்."

மூன்று மணிக்கு வார்டிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். "பெரிய உசுரு, சின்ன உசுரு, ரெண்டும் சுகம்!"

ரத்த வங்கியே கைதட்டியது. தேவசகாயம் மேசையை ஓங்கித் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"இதை எடுத்துடலாமா, டீச்சர்?"

"காயம் ஆறட்டும், அண்ணாச்சி."