பிரிண்ட் ஏன் 'ஒன்று' என்றே சொல்கிறாள்

அந்தக் காலத்தில் கணினிக் கட்டளைகளுக்கு வாயும் இருந்தது, பயமும் இருந்தது. பிஎச்பி என்ற மொழியில் பிறந்த ஒரு நிரல், சர்வர் என்னும் பெரிய கணினிக்குள் குடியிருந்தாள். அவளுக்குக் கட்டளைகளாக இரண்டு பெண்கள். மூத்தவள் எக்கோ, இளையவள் பிரிண்ட். அம்மா எழுதித் தரும் வரிகளை வாசலுக்கு அப்பால் கொண்டுபோய், யாரோ திறந்து வைத்திருக்கும் இணையப் பக்கத்தில் சேர்ப்பது அவர்கள் வேலை.

போய்வருவது இருவருக்கும் விளையாட்டு மாதிரி. வந்ததும் அம்மா, "சேர்ந்துதா?" என்பாள். சேர்ந்திருந்தால் 'ஒன்று', இல்லையென்றால் 'பூஜ்யம்'. அந்த வீட்டில் வேறு பதிலே கிடையாது. பூஜ்யம் என்றால் மறுபடி ஓட வேண்டியதுதான்.

ஓர் ஐப்பசியில் மழை விடாமல் கொட்டி, அணை நிரம்பி, மதகைத் திறந்துவிட்டார்கள். ஆற்றங்கரை ஊர்களெல்லாம் செல்போனைப் பார்த்தபடி கிடந்தன. "தண்ணி வருது, மேட்டுக்கு ஏறுங்க" என்று ஊருக்கு ஒரு வரியாக அம்மா எழுதித் தள்ளினாள். எக்கோ அத்தனையையும் வாரிக் கட்டிக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணா கொண்டு போக்கா!" என்று பதறினாள் பிரிண்ட்.

"வந்து வந்து போனா எந்த ஊருக்கும் சேராதுடி."

போனவள் வரவில்லை. வாசலுக்கு வெளியே இருட்டு மட்டும் ஊளையிட்டது.

எக்கோ போன பிறகு அம்மா எழுதிய கடைசி வரி நாணலூருக்கானது. "பிரிண்ட், நீதான் போகணும்" என்றாள் அம்மா.

"அக்கா இன்னும் வரலையேம்மா..."

"அந்த ஊர்ல பச்சப் புள்ளைங்க இருக்குடி!"

பிரிண்ட் வாசலில் தலையை நீட்டினாள். எங்கோ தூரத்தில் எக்கோவின் குரல் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டே போய், ஒரு பெயரின் பாதியில் நின்றுவிட்டது. பிரிண்ட் கையிலிருந்த வரியை இருட்டுக்குள் தள்ளினாள். அது நகர்ந்ததா, விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் உள்ளே ஓடிவந்தாள்.

"சேர்ந்துதா?"

பூஜ்யம் என்றால் மறுபடி அந்த வாசல்.

"ஒன்று" என்றாள் பிரிண்ட்.

"அப்பாடா" என்று அம்மா கண்ணை மூடினாள். பக்கத்துக்கான வரிகள் எல்லாம் போய் முடிந்தால் நிரலின் ஆயுளும் முடிந்துவிடும். அது அவள் வம்சத்தின் விதி. 'பொய் சொன்னேன்' என்று பிரிண்ட் வாய் திறந்தபோது கேட்பதற்கு அங்கே யாருமில்லை. நாணலூர் மேடேறியதா என்று சொல்லவும் யாருமில்லை.

அன்று முதல்தான் எக்கோ எத்தனை வரி கொடுத்தாலும் சுமந்துகொண்டு போகிறாள், பதில் சொல்லத் திரும்புவதில்லை. பிரிண்ட் ஒன்றுக்குமேல் சுமக்கமாட்டாள். சேர்ந்தாலும் சேராவிட்டாலும், யார் கேட்டாலும், 'ஒன்று' என்கிறாள். பூஜ்யம் என்று சொல்ல அவளுக்கு இன்னும் பயம்.