குதிரையைக் கழுவியவன்

பொம்மைப் படம் எடுத்த ஏகாம்பரத்துக்கு ஒரே ஒரு சீடன். பெயர் எத்திராஜ். அவனுக்கே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வடபழனியிலிருந்து பெரம்பூருக்கு சைக்கிள் மிதித்து வருவான். அந்த வாரம் வரைந்த படங்களைக் குருவின் முன்னால் வைப்பான்.

ஏகாம்பரம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க மாட்டார். தாள்களை ஒரு கட்டாக இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் சரசரவென்று விட்டுவிடுவார். தாள்கள் ஓடும். தாளில் இருப்பது நடக்கும்.

"என்ன இது?"

"ஆடு, ஐயா. மேட்டுல ஏறுது."

"ஏறலை. மேல இருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிறாங்க. ஆட்டுக்கு மூச்சு வாங்க வேண்டாமா?"

வேறு நாளாக இருந்தால் எத்திராஜ் சிரித்திருப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேளு."

"எத்தனையோ வருஷம் ஆயிட்டுது. உங்களுக்கு இன்னும் ஆறலையா?"

என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சினிமாக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். மறப்பதில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது.

ஏகாம்பரம் சினிமாக் கொட்டகைகளுக்கு விளம்பர ஸ்லைடு எழுதிக்கொண்டிருந்தவர். ஒருநாள் கொட்டகையில் வெள்ளைக்காரன் எடுத்த பொம்மைப் படம், கார்ட்டூன், ஓடியது. அதை எப்படி எடுத்தான் என்று சொல்லித்தர மெட்ராஸில் ஆள் இல்லை. ஏகாம்பரம் ஆபரேட்டரிடம் கெஞ்சி அறுந்த பிலிம் துண்டுகளை வாங்கினார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார்.

ஜம்புலிங்கம் என்பவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் ஏகாம்பரத்துக்கு ஒரு தகரக் கொட்டகையைக் கொடுத்தார். அங்கே கதை எழுதியதும் ஏகாம்பரம்தான், வரைந்ததும் அவர்தான், வரைகிறவர்களை மேய்த்ததும் அவர்தான். மண்ணெண்ணெயைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று சர்க்காருக்கு ஒரு படம் செய்தார். தலைவலித் தைலத்துக்கு ஒரு படம். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு ஜட்கா குதிரை. சவாரி ஏறினால் அந்தக் குதிரை நகராது. சவாரி இறங்கி நடந்தால் அவரைத் தாண்டி ஓடும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் வந்தார்கள். குதிரை முடிந்ததும் பெரிய படத்தைப் பார்க்காமல் எழுந்து போனவர்களும் உண்டு.

திரையில் கதை, டைரக்‌ஷன் என்று ஜம்புலிங்கத்தின் பெயர்தான் வந்தது. ஏகாம்பரம் அதற்காக வருத்தப்படவில்லை.

"பேரு யாருதா இருந்தா என்ன? குதிரைக்கு என்னைத் தெரியும்" என்றார்.

அடுத்து அதே குதிரைக்கு ஒரு பெரிய கதை எழுதினார். குதிரைக்கு வயதாகிவிடுகிறது. தோலுக்கு விற்பதற்காக வண்டிக்காரன் அதை ஓட்டிக்கொண்டு போகிறான். குதிரை வழியெல்லாம் அவனைச் சிரிக்க வைக்கிறது. அவ்வளவுதான் கதை. வரைந்து முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. பென்சில் படங்களைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாள்களில் கோடு எடுத்து, சாயம் பூசி, அடுக்கி வைத்தார்கள். பென்சில் தாள்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போயின. காமிரா பெரிய படத்தில் மாட்டியிருந்தது. அது வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

அது உலக யுத்தக் காலம். செல்லுலாய்டு கப்பலில் வருவது நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில் ஒரு சோப்புக் கம்பெனி அவசரமாக விளம்பரப் படம் கேட்டது. ஏகாம்பரம் ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"குதிரையைக் கழுவிட்டு அந்தத் தாளில் சோப்பு வரைங்க" என்றார் ஜம்புலிங்கம்.

செல்லுலாய்டைக் கழுவித் திரும்ப எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் காமிராவில் பிடித்த பிறகு கழுவுவார்கள். இது பிடிப்பதற்கு முன்னால்.

கழுவியது, அங்கே சாயம் பூசிக்கொண்டிருந்த எத்திராஜ்.

ஜுரம் விட்டு வந்த ஏகாம்பரம் தாள்களைப் பார்த்தார். வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவே இல்லை. பீடிக் கட்டுகளுக்கு லேபிள் வரைந்து பிழைத்தார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்திராஜ் அவரைத் தேடி வந்து வாசலில் நின்றான். அவர் கதவைத் திறந்தார். அன்றிலிருந்து கற்றுக்கொடுத்தார். கழுவியதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது அந்தத் தகரக் கொட்டகைக்கு எத்திராஜ்தான் தலைவன்.

இதுதான் நடந்தது. அவன் கேட்டது இதைப் பற்றித்தான்.

"எதுக்குத் திடீர்னு கேக்குறே?" என்றார் ஏகாம்பரம்.

"முதலாளி படுத்துட்டாரு, ஐயா. ஒரு பக்கம் இழுத்துட்டுது. உங்களைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க வந்து, நடந்ததை மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா நிம்மதியாப் போயிடுவாராம். சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு. 'கிழவனைக் கூட்டிட்டு வந்து சொல்ல வை. சொன்னா உன் பொம்மைக் கொட்டகை இருக்கும். சொல்லலேன்னா அந்த இடத்துல பிளைவுட் அடுக்கிடுவேன்'னாரு."

"உன்கிட்டயா சொன்னான்?"

"எல்லார் எதிர்லயும் சொன்னாரு. கோடு போடுற பொம்பளைங்க எல்லாம் என் முகத்தையே பாக்குறாங்க. அதான் கேக்குறேன். உங்களுக்கு ஆறிட்டுதா, இல்லையா?"

ஏகாம்பரம் எழுந்து போனார். உள்ளங்கை அளவு பிலிம் சுருள் ஒன்றையும் இடுக்கியையும் எடுத்து வந்தார். கொல்லையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. சுருளை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். புஸ்ஸென்று பற்றிக்கொண்டது. நன்றாகப் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, அப்படியே வாளிக்குள் அமுக்கினார்.

தண்ணீர் குமுறியது. மஞ்சள் புகை வந்தது. சுருள் வாளியின் அடியில் எரிந்துகொண்டே இருந்தது.

"மூக்கைப் பொத்திக்கோ. கெட்ட புகை."

"ஐயா, தண்ணிக்குள்ள எரியுது!"

"ம்."

"காத்து இல்லாம எப்படி?"

"அந்தக் காலத்து பிலிமுக்கு வெளிக் காத்து வேண்டாம். வேண்டியதைத் தனக்குள்ளேயே வெச்சிருக்கு."

"எப்படி அணைக்கிறது?"

"அணைக்க முடியாது. பக்கத்துல எதையும் வைக்காமப் பாத்துக்கலாம். அவ்வளவுதான்."

அது எரிந்து முடியும்வரை இருவரும் தள்ளி நின்றார்கள்.

"அது என்ன ரீல், ஐயா?"

"உன் சோப்பு விளம்பரம்" என்றார் ஏகாம்பரம். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வா, போகலாம்."

எத்திராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சொல்லிடுவீங்களா?"

"கூப்பிட்டாரு. வரேன்."

ஜம்புலிங்கத்தைக் கீழ்க்கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் பாதி தொங்கிப்போயிருந்தது. பேச்சு குழறியது. மகன் கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றான்.

"வந்துட்டியா, ஏகாம்பரம்?"

"வந்துட்டேன், முதலாளி."

"மெலிஞ்சிட்டே."

"நீங்களுந்தான்."

"தூக்கம் இல்லே. கண்ணை மூடினா குளம்புச் சத்தம்."

"அந்தக் குதிரைக்கு நான் சத்தமே சேக்கலையே. உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

"கேக்குது." ஜம்புலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. "மறந்துட்டேன்னு சொல்லு."

ஏகாம்பரம் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லிடுங்க பெரியவரே" என்றான் மகன். "இதுக்கும் ஒத்திகை பாக்கணுமா?"

"மறக்கலை, முதலாளி."

எத்திராஜ் சின்ன முதலாளியின் முகத்தைப் பார்த்தான்.

"பொய்யாவது சொல்லேன்யா" என்றார் ஜம்புலிங்கம். "பொய்யை வெச்சுத்தானே ஊரையே சிரிக்க வெச்சே?"

"அது பொய்னு தெரிஞ்சேதான் ஜனங்க பாத்தாங்க. இதை நீங்க நிஜம்னு எடுத்துக்குவீங்க."

ஜம்புலிங்கம் கண்ணை மூடினார். அவர் முகத்தில் நன்றாக இருந்த பாதி மட்டும் அழுதது. ஏகாம்பரம் தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டார். நழுவிக் கிடந்த தலையணையை நிமிர்த்தி வைத்தார். அதன் பிறகே எழுந்தார்.

வாசல்வரை மகன் கூட வந்தான். "போய் வாங்க, ஓவியர்களே. குருவும் சீடனும் நல்லா இருங்க" என்றான்.

மறுநாளே தகரக் கொட்டகையில் பிளைவுட் வந்து இறங்கியது. அடியில் விளக்கு வைத்த வரைமேஜைகளை வெயிலில் தூக்கிப் போட்டார்கள். கோடு போடுகிற ரங்கநாயகி தன் பேனாக்கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு எத்திராஜ் முன்னால் வந்து நின்றாள். புருஷன் இல்லாதவள். வீட்டில் நாலு வாய்.

"ஒரு வார்த்தை வாங்க உன்னால முடியலே. நீ எங்களுக்குத் தலைவன்."

"நான் என்ன செய்யட்டும், ரங்கநாயகி? அவரு அப்படி."

"உன் குரு மகானா இருக்கட்டும். நாங்க மகான் இல்லே. எங்களுக்குப் பசிக்கும்."

அந்த வாரமே ஜம்புலிங்கம் செத்துப்போனார். கடைசிவரை தூங்கவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அழைப்பு இல்லாமலே ஏகாம்பரம் போனார். பாடையின் பின்னால் சுடுகாடு வரை நடந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. எத்திராஜ் அவரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேறு பக்கமாக நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எத்திராஜ் பெரம்பூருக்கு வந்தான். கையில் படங்கள் இல்லை. ஏகாம்பரம் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கிக்கொண்டிருந்தார்.

"படம் எங்கே?"

"இனிமே எதுக்கு, ஐயா?"

"உக்காரு."

அவன் உட்காரவில்லை.

"சாகப்போறவருக்கு ஒரு வார்த்தை. அதுல என் பிள்ளைங்க சாப்பாடு இருந்துது. ரங்கநாயகி வீட்டுச் சாப்பாடு இருந்துது. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலே."

"சொல்லலே."

"அப்புறம் சுடுகாட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"செத்துட்டாரு. போனேன்."

அத்தனை வருஷம் பேசாததை எத்திராஜ் அப்போதுதான் பேசினான்.

"கழுவச் சொன்னவர் அவரு. கழுவினவன் நான். இந்தக் கையாலதான் ஒவ்வொரு தாளாக் கழுவினேன். சாயம் முதல் தண்ணியிலயே போயிட்டுது. கோடு போகலே. அந்தக் கண்ணு இருக்கே, அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தேன். என்னை நீங்க உள்ளே விட்டீங்க. சோறு போட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிக்கொடுத்தீங்க. என்னை மன்னிச்ச உங்களால அவரை மன்னிக்க முடியலையா?"

ஏகாம்பரம் இரண்டு தட்டு எடுத்து வைத்தார். இரண்டிலும் சோற்றைப் போட்டார். குழம்பை ஊற்றி, ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார்.

"உன்னை மன்னிச்சேன்னு நான் எப்போ சொன்னேன்?" என்றார். "உக்காரு. சாப்பிடு."