பத்தாவது கேள்வி

வேலங்காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் வற்றிவிடும். நடுவில் உள்ள மடு மட்டும் வற்றாது. அந்த மடுவுக்கு ஒரு காவல்காரர் உண்டு. யார் எப்போது தண்ணீர் குடிப்பது என்று சொல்வது அவர் வேலை. மடுவை ஒட்டிய ஈரப் பொந்து அவர் குடும்பத்துக்கு.

அந்த வருஷம் காவல் வேலை காலியாயிற்று. ஆள் எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். சரித்திரப் பரீட்சை.

வேலங்காட்டுச் சரித்திரம் என்று நினைக்க வேண்டாம். வடக்கே பதினைந்து நாள் நடையில் பேரேரி என்று ஒன்று இருக்கிறது. அதன் சரித்திரம். இங்கே மடு காக்க அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சுற்றியுள்ள ஏழு குளங்களுக்கும் அதே பத்துக் கேள்விதான். அப்படியே பழகிவிட்டது.

நாலு பேர் எழுத வந்தார்கள். நரி, கீரி, உடும்பு, முயல். பரீட்சை நாளில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

மற்ற மூவருக்கும் வேலை கிடைத்தால் நல்லது. முயலுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். அதற்கு நாலு குட்டிகள். பிறந்து பத்து நாள். அதன் வளை மேட்டில் இருந்தது. சித்திரை வந்தால் அந்த மண் சட்டி மாதிரி காயும். போன கோடையில் பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஈரப் பொந்து கிடைத்தால் இவை பிழைக்கும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

பரீட்சை நடத்தியது கொக்கு. ஒவ்வொருவருக்கும் மணலில் தனித்தனிக் குழிகள். கேள்விக்கு நாலு குழி. கொக்கு கேள்வியைச் சொல்லி, நாலு பதிலையும் சொல்லும். சரி என்று படும் பதிலின் குழியில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். சாயங்காலம்தான் திருத்தும். அதுவரை அவரவர் கொட்டையை அவரவர் குழிகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அடுத்தவர் குழிப் பக்கம் போகக் கூடாது. கொக்கு மரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். வாய் திறக்காது.

காலையில் பரீட்சை முடிந்தது. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். யார் போகிறார்கள்? நாலு பேரும் நாவல் மரத்தடியில் கூடினார்கள். நீ என்ன போட்டாய், நான் என்ன போட்டேன் என்று ஆரம்பித்தார்கள்.

பேரேரியில் பஞ்சம் எத்தனை கோடை நீடித்தது என்று ஒரு கேள்வி. கீரி ஐந்து என்று போட்டிருந்தது. நரியும் முயலும் மூன்று என்றார்கள். கீரியின் வால் தொங்கிவிட்டது. ஐந்தாகவும் இருக்கலாம் என்று அது இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது.

உடும்பு எந்தக் கேள்வி வந்தாலும் நானும் அதேதான் என்றது. முதலில் கேட்டால் வாய் திறக்காது. மற்றவர்கள் சொன்ன பிறகு தலையாட்டும்.

ஒன்பது கேள்வி வரைக்கும் நரிக்கும் முயலுக்கும் ஒரே பதில். ஒன்பதும் சரி என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. மிச்சம் பத்தாவது. பேரேரியின் கரை உடைந்தது யாரால்? யானை, பன்றி, நண்டு, முயல் என்று நாலு பதில்.

“யானை,” என்றது நரி. “இதுக்கு யோசிக்கவே வேணாம். அவ்வளவு பெரிய கரையை உடைக்கணும்னா பெரிய ஆளுதான் உடைக்கணும்.”

அங்கே யாரும் யானையைப் பார்த்ததில்லை. கீரியும் யானை என்றுதான் போட்டிருந்தது. நானும் அதேதான் என்றது உடும்பு. உண்மையில் அது நண்டுக் குழியில் போட்டிருந்தது.

மூவரும் முயலைப் பார்த்தார்கள்.

“என்ன தங்கச்சி, நீ என்ன போட்டே?” என்று கேட்டது நரி.

“முயல்னு போட்டேன் அண்ணே.”

மூவரும் சிரித்தார்கள். உடும்பு கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.

“முயல் கரையை உடைச்சுதா? உதைச்சே உடைச்சுதா?” என்றது கீரி.

முயல் மெதுவாகச் சொன்னது. “எங்க வம்சம் அங்கேயிருந்து வந்ததுதான். கரை நெடுக எங்க ஆளுங்க வளை தோண்டியிருந்தாங்க. வளையும் வளையும் உள்ளே சேர்ந்துபோச்சு. ஒரு மழையில தண்ணி புகுந்து எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிடுச்சு. எங்க அம்மா சொல்லியிருக்கா. வெளியே சொல்லாதேன்னும் சொல்லியிருக்கா.”

“நல்லாயிருக்கு,” என்றது கீரி. “இதை நீயே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்தக் கரையில உன்னை வளை தோண்ட விடுவாங்க?”

நரியும் அதைப் பிடித்துக்கொண்டது. அம்மாமார் குட்டிகளைத் தூங்க வைக்க ஆயிரம் சொல்வார்கள், பரீட்சைக்கு அதெல்லாம் ஆகுமா என்றது. மூன்று பேர் ஒரே மாதிரி போட்டிருக்கிறோம், மூன்று பேருமா முட்டாள் என்றும் கேட்டது. சொந்த இனத்தின் மேல் பழி போட்டு ஒரு மதிப்பெண்ணையும் இழக்கப் போகிறாயே என்று பரிதாபப்பட்டது. வஞ்சகமாகச் சொல்லவில்லை. அப்போது அது யானை என்றுதான் நம்பியது.

முயலுக்குக் காது சூடாயிற்று. எழுந்து மணலுக்குப் போனது. ‘முயல்’ என்ற பதிலின் குழியிலிருந்து தன் கொட்டையை எடுத்து யானைக் குழியில் போட்டது. அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போய்விட்டது.

கீரியும் உடும்பும் தூங்கிவிட்டார்கள். நரி தூங்கவில்லை. யோசித்தது.

பெருமைக்குப் பொய் சொல்பவர்கள் ஏராளம். தன் வம்சத்துக்கு அவமானம் வருகிற மாதிரி யார் பொய் சொல்வார்கள்? அதுவும் வெளியே சொல்லாதே என்று அம்மா வாயைக் கட்டிய சங்கதி. அப்படியானால் அது நடந்திருக்கிறது.

நரி எழுந்து மணலுக்குப் போனது. தன் குழிகளில் யானைக் குழியிலிருந்து கொட்டையை எடுத்து ‘முயல்’ குழியில் போட்டது. திரும்பி வந்து, முன்பு படுத்திருந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது.

சாயங்காலம் கொக்கு இறங்கி வந்து திருத்தியது. கீரி ஏழு. உடும்பு இரண்டு. முயல் ஒன்பது. நரி பத்து. பத்தாவது கேள்விக்குச் சரியான பதில் முயல்.

கீரிதான் முதலில் குதித்தது. நரி மரத்தடியில் யானை என்று சொன்னதைத் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தது.

“மரத்தடியில் சொல்வதற்கு மதிப்பெண் கிடையாது,” என்றது கொக்கு.

முயல் முன்னால் வந்தது. “ஐயா, காலையில நான் சரியாத்தான் போட்டேன். நீங்க மேலேயிருந்து பார்த்தீங்க.”

“பார்த்தேன். நீ மாற்றியதையும் பார்த்தேன்.”

“இவங்க எல்லாரும் சொன்னாங்கன்னுதான் ஐயா மாத்தினேன்.”

“இவர்களில் யாராவது பேரேரியிலிருந்து வந்தவர்களா?”

“இல்லைங்க.”

“உன் கொட்டை இப்போது எந்தக் குழியில் இருக்கிறது?”

“யானைக் குழியில.”

கொக்கு பறந்துவிட்டது.

நரி முயலிடம் வந்தது. “வருத்தப்படாதே தங்கச்சி. மடு இனிமே என் பொறுப்பு. குட்டிங்களைத் தாராளமா தண்ணிக்குக் கூட்டிட்டு வா. உனக்கு முதல் முறை தர்றேன்.”

முயல் தலையாட்டிவிட்டு வந்தது. பரீட்சை நாள் இருட்டோடு முடிந்துவிடும்; அதற்குப் பிறகு நரி நரிதான். இருட்டுவதற்குள் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி, கல்மலை அடிவாரத்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கே பாறை இடுக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். நாலு குட்டிகளுக்கு அது போதாது.

அந்தக் கோடையில் இரண்டு பிழைத்தன.

தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை, தெரியாதவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக மாற்றிக்கொள்கிறவன், தன் பங்கைத் தானே தூக்கி அடுத்தவன் கையில் கொடுக்கிறான்.