பூட்டிய அறைக்கு எத்தனை மதிப்பெண்?

பூதலிங்கத்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அருவிக்கரை ஊர்களில் வீட்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட உரிமம் வேண்டும். வீடு வீடாகப் போய்த் தரம் பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பெயர் வெள்ளியம்பல அடிகள். குரு சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்தப் பக்கம் ஆய்வுக்கு வந்தால் பூதலிங்கம் ஆசிரமத்தில்தான் தங்குவார். ஆனால் அங்கேயும் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அன்று மாலை வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"சாமி, ஒருத்தர் எதையோ மறைக்கிறார்னு எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கிறது?"

"யார் மறைச்சது?"

"கோமுன்னு ஒரு அம்மா. ரெண்டு ரூம் வாடகைக்கு விடுது. மாடி ரூமைத் திறந்து காட்டுங்கன்னேன். தங்கியிருக்கிறவுக அருவிக்குப் போயிருக்காக, அவுக வரட்டும்னு சொல்லுது."

"சாவி இல்லையோ என்னமோ."

"மாத்துச் சாவி இடுப்புலயே தொங்குது சாமி! 'இருக்கு, ஆனா திறக்க மாட்டேன்'னு முகத்துக்கு நேரா சொல்லுது. மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு?"

"மத்த வீடுகள்?"

"சங்கரபாண்டியன் வீடு தங்கம். எல்லா ரூமையும் திறந்து விட்டுட்டார். ஆள் வெளியே போயிருந்த ரூமுல, கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியைக்கூட இழுத்துத் திறந்து காட்டினார்."

"பெட்டி யாருது?"

"தங்க வந்தவுக பெட்டி. ஒளிவுமறைவே இல்லாத மனுஷன். நூத்துக்கு நூறு போட்டேன்."

"கோமுவுக்கு?"

"ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை, எதையோ மறைப்பதாகச் சந்தேகம்னு எழுதிட்டேன். நாளைக்கு அறிக்கையைக் கொடுத்தா உரிமம் ரத்து."

அருவியில் தண்ணீர் கொட்டும் சாரல் காலம் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. இந்த மூன்று மாத வாடகையை வைத்துத்தான் கோமு வருடம் முழுக்க அடுப்பு மூட்ட வேண்டும். அடிகளுக்கு அது தெரியும். பூதலிங்கத்துக்கும் தெரியும், ஆனால் பாவம் பார்த்தால் வேலை நடக்காது என்று இருந்தார்.

"குளிச்சிட்டு வாங்க, பேசுவோம்" என்றார் அடிகள்.

பூதலிங்கம் தன் அறையைப் பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சாவியைத் துண்டில் முடிந்துகொண்டு ஆற்றுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அடிகள் உள்ளே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பையில் இருந்தது அத்தனையும் பாயில் பரப்பியிருந்தது. பல்செட்டு, மூலத்துக்குப் போடுகிற களிம்பு, கிழிந்த பனியன், வீட்டுக்காரம்மாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த ஸ்கேன் படம். அடிகளைப் பார்க்க வந்த ஊர்க்காரர் இரண்டு பேர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூதலிங்கம் ஓடிப்போய் ஸ்கேன் படத்தை எடுத்துத் துண்டுக்குள் மறைத்தார். இத்தனை வருட வேலையில் இப்படி அவமானப்பட்டதில்லை.

"யார் சாமி திறந்தது?"

"நான்தான். என்கிட்ட மாத்துச் சாவி இருக்கு."

"பூட்டிட்டுப் போன ரூமு! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

அடிகள் பனியனை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் கோமுவுக்கு எழுதினதையே உங்களுக்கும் எழுத வேண்டி வந்திருக்கும்."